மஸ்கட்டிலிருந்து வந்த கமாண்ட்

சேலையூர்
9 நவம்பர் 2025

தாமு மாமாவுக்கு,

ப்ரியா எழுதறேன். நல்லா இருக்கீங்களா? அந்த ஊர் வெயில் கொஞ்சமாவது குறைஞ்சுதா? இங்க அப்பா, அம்மா, நான் எல்லாரும் சுகம். உங்க அம்மாவைப் போன வாரம் நம்ம கானத்தூர் குப்பத்துல கோயில்கிட்ட பார்த்தேன். கங்கை அத்தை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. போன வருஷம் உங்களுக்கு என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்போ நான் வேணாம்னு சொன்னது அவங்களுக்கு இன்னும் ஆறல. உங்களுக்கும் அப்படித்தான் இருக்குமோன்னு பயந்துதான் இத்தனை நாள் எழுதல.

இப்போ வேற வழி தெரியாம எழுதறேன். நான் சேலையூர்ல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட்டா இருக்கேன், தெரியும்ல? வாரம் முழுக்க இங்கயே லேடீஸ் ஹாஸ்டல். லேப்ல இருக்கறது எல்லாம் பழைய மிஷின். அதுல இருக்கற விண்டோஸுக்கு இனிமே அப்டேட் வராதாம், புதுசு போட்டா அந்த மிஷின் தாங்காதாம். அதனால எல்லாத்துலயும் லினக்ஸ் போடணும்னு எங்க எச்.ஓ.டி. ஸ்ரீவித்யா மேடம் சொல்லிட்டாங்க. "பொங்கலுக்குள்ள கத்துக்கோ ப்ரியா, இல்லைன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்"னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது டைப்பிங்கும் டேலியும்தான். வேலை போனா குப்பத்துக்குத் திரும்பணும். திரும்பினா அம்மாவோட மீன் கூடை, இல்லைன்னா கல்யாணம்.

நீங்க அங்க பெரிய கம்பெனி சர்வரையே கட்டி மேய்க்கறீங்க. எனக்குச் சொல்லித் தருவீங்களா? போன்ல வேணாம் மாமா. புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் காதால கேட்டா தப்பாயிடும். மெயில்ல எழுதினா பிரிண்ட் எடுத்துப் பக்கத்துல வெச்சுக்குவேன்.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

ப்ரியா

*

மஸ்கட்
11 நவம்பர் 2025

அன்புள்ள ப்ரியா,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. மாமாவுக்குக் கடலில் மீன்பாடு எப்படி என்று எழுதவில்லையே.

கோபம் என்று எழுதியிருந்தாய். எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வதுதான் நல்லது. அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

வேலைக்கு வருவோம். ஒரு காலி பென்டிரைவ் எடுத்துக்கொள். லினக்ஸில் பல வகை உண்டு; பழைய மிஷினுக்கு மின்ட் என்பது போதும். அதை இறக்கி பென்டிரைவில் ஏற்ற வேண்டும். சும்மா காப்பி செய்தால் ஓடாது, அதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, இணைத்திருக்கிறேன். பிறகு மிஷினை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் F12 பட்டனைத் தட்டிக்கொண்டே இரு. எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும். பென்டிரைவைக் காட்டு.

உடனே நிறுவிவிடாதே. பென்டிரைவிலிருந்தே ஓட்டி, நெட், சவுண்டு, மவுஸ் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார். பிறகு இன்ஸ்டால். டிஸ்க்கை முழுதாக அழிக்கட்டுமா என்று ஓர் இடத்தில் கேட்கும். அந்த மிஷினில் யாருடைய வேலையும் மிச்சமில்லை என்று நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு 'ஆம்' சொல். அழிந்தது வராது.

எந்தச் சந்தேகமானாலும் எழுது. நான் இருக்கிறேன்.

தாமோதரன்

*

சேலையூர்
30 நவம்பர் 2025

மாமா,

எப்படி இருக்கீங்க? இங்க மழை வெளுத்து வாங்குது. செம்பாக்கம் ஏரி விளிம்பு வரைக்கும் ததும்பி நிக்குது, கேம்ப் ரோடுல வண்டி எல்லாம் தள்ளிக்கிட்டுதான் போறாங்க. எங்களுக்கு ஜலதோஷம் தவிர வேற ஒண்ணும் இல்ல.

போட்டுட்டேன்! நீங்க எழுதினபடியே ஒண்ணொண்ணா பண்ணேன். முதல் மிஷின்ல மட்டும் F12 தட்டறதுக்குள்ள விண்டோஸ் வந்துட்டே இருந்தது, நாலு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டேன். அப்புறம் பச்சையா ஒரு இலை மாதிரி படம் வந்தது பாருங்க, லேப்ல நான் மட்டும்தான் இருந்தேன், கை தட்டிட்டேன்.

ஆனா டெர்மினல்னு ஒரு கறுப்பு ஜன்னல் இருக்கே, அது பயமா இருக்கு. பாஸ்வேர்டு கேட்டுச்சு. அடிக்கறேன், அடிக்கறேன், ஒரு எழுத்துகூட திரையில வரல. கீபோர்டு செத்துப் போச்சுன்னு நினைச்சு வேற கீபோர்டு மாத்தினேன். அதுலயும் வரல. மூணாவதும் மாத்தினேன். ஒரு ஸ்டூடென்ட், ரேஷ்மான்னு ஃபைனல் இயர் பொண்ணு, "மேடம், பாஸ்வேர்டு திரையில தெரியாதுதான் மேடம், பார்க்காம அடிச்சு என்டர் தட்டுங்க"ன்னு சொன்னா. மானம் போச்சு.

அந்தக் கறுப்பு ஜன்னலுக்குள்ள என்னென்ன சொல்லணும்னு எழுதுங்க மாமா. மேடம் அதைத்தான் கேட்பாங்க.

வேளைக்குச் சாப்பிடுங்க.

ப்ரியா

*

மஸ்கட்
4 டிசம்பர் 2025

அன்புள்ள ப்ரியா,

இங்கு எல்லாம் சௌக்கியம். மூன்று கீபோர்டு கதையை வாசித்துவிட்டு சர்வர் அறையில் தனியாகச் சிரித்தேன். அந்த அறை எப்போதும் குளிராக இருக்கும், பேச ஆள் கிடையாது. உன் மெயில் வருகிற நாளில் ஷிஃப்ட் முடிவது தெரிவதில்லை.

டெர்மினலுக்குப் பயப்படாதே. அது ஒரு வீடு. நீ ஏதோ ஓர் அறையில் நிற்கிறாய். எந்த அறை என்று தெரிய pwd என்று அடி. அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ls. வேறு அறைக்குப் போக cd என்று அடித்து, இடம் விட்டு, அறையின் பெயர். திரும்பி வர cd போட்டு இரண்டு புள்ளி. பெயர் நீளமாக இருந்தால் பாதி அடித்து டேப் தட்டு, மீதியை அதுவே எழுதும். இவ்வளவுதான் நடமாட்டம்.

வீட்டுச் சாமானை யாரும் தொடக்கூடாது என்று லினக்ஸ் காவல் வைத்திருக்கிறது. முன்னால் sudo என்று போட்டால் அந்தக் காவல் விலகிவிடும், எது சொன்னாலும் செய்யும். இன்னொன்று: சொன்ன வேலையை ஒழுங்காக முடித்தால் அது எதுவும் பேசாது. அடுத்த வரிக்கு வந்து நிற்கும். பேசினால்தான் ஏதோ தவறு.

எங்கள் கம்பெனி அரிகிருஷ்ணன் லீவில் பெருங்களத்தூர் வருகிறார். அவரிடம் பேரீச்சம்பழமும், உனக்கென்று ஒரு நல்ல கீபோர்டும் கொடுத்து அனுப்புகிறேன். பட்டன் மெத்தென்று இருக்கும். விரல் வலிக்காது.

தாமு

*

சேலையூர்
18 ஜனவரி 2026

மாமா,

பொங்கல் எப்படிப் போச்சு? அங்க பொங்கல் வெச்சீங்களா, இல்ல அன்னிக்கும் டியூட்டியா? எங்க எல்லாருக்கும் சுகம்தான். பேரீச்சம்பழம் வந்தது. ரொம்ப நன்றி.

மூணு நல்ல செய்தி. ஒண்ணு, எல்லா மிஷின்லயும் லினக்ஸ் ஏத்திட்டேன். ரெண்டு, மேடம் என் கான்ட்ராக்டை நீட்டிச்சுட்டாங்க. "பரவாயில்லையே, யார் சொல்லிக் கொடுத்தா?"ன்னு கேட்டாங்க. எங்க மாமான்னு சொன்னேன்.

மூணாவது உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன், வீட்ல இன்னும் தெரியாது. இங்க இளமாறன்னு ஒருத்தர். காலேஜ் சர்வரைப் பார்த்துக்கறவர். பெருங்களத்தூர்ல வாடகைக்கு இருக்காங்க, அவரும் அம்மாவும் தங்கச்சியும். அப்பா இல்ல, இவர் சம்பளம்தான் வீட்டுக்கு. நீங்க சொல்லிக் கொடுத்ததை அவர்கிட்டதான் செஞ்சு காட்டுவேன். அப்படியே பழகிப் போச்சு. கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நம்ம ஆளுங்க இல்ல, அதான் அப்பாவை நினைச்சா பயம். நீங்க பேசினா அப்பா கேட்பார் மாமா. உங்களை விட்டா எனக்கு யாரு?

உங்க பேரீச்சம்பழம் முக்கால்வாசி அவர்தான் சாப்பிட்டார். கீபோர்டையும் அவர் மேஜையில வெச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. அவருது எழுத்தெல்லாம் தேஞ்சு போயிருந்தது.

சீக்கிரம் பதில் போடுங்க.

ப்ரியா

*

மஸ்கட்
20 பிப்ரவரி 2026

அன்புள்ள ப்ரியா,

நலமா? நடுவில் நீ அனுப்பிய இரண்டு மெயில்களையும் பார்த்தேன். வேலை கடுமை, பதில் எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

உன் செய்தி மகிழ்ச்சி. மாமாவிடம் தக்க சமயத்தில் பேசுகிறேன். அதுவரை வீட்டில் வாய் திறக்காதே.

மாப்பிள்ளை கெட்டிக்காரரா என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டாமா? தொழில்காரன் என்கிற முறையில் கேட்கிறேன். மாணவர்களின் வேலையெல்லாம் சர்வரில் எந்த இடத்தில் இருக்கிறது? பேக்கப் எடுக்கிறாரா? எடுத்து எங்கே வைக்கிறார்? உனக்குத் தெரிந்ததை எழுது.

கீபோர்டு யாருக்காவது பயன்பட்டால் சரி.

தாமோதரன்

*

சேலையூர்
3 மார்ச் 2026

மாமா,

உங்க மெயில் வந்த பிறகுதான் உயிரே வந்தது. கோபமோன்னு நினைச்சுட்டேன். நல்லா இருக்கீங்கல்ல? வெயில் இங்கயும் ஆரம்பிச்சாச்சு.

அவர் கெட்டிக்காரர்தான் மாமா. எல்லா பசங்க வேலையும் சர்வர்ல home-க்குள்ள இருக்கு. தினமும் பேக்கப் ஓடும். தனியா ஒரு டிஸ்க் வாங்கித் தரச் சொல்லி ரெண்டு வருஷமா கேட்டு, இப்பதான் தந்தாங்க. அதையும் சர்வர்லயே செருகி, அதே home-க்குள்ள backup-னு ஒரு அறை மாதிரி வெச்சிருக்கார். வைரஸ் வருதுன்னு பசங்களுக்குப் பென்டிரைவ் அனுமதி இல்ல, அதனால எல்லாமே அங்கதான்.

இப்போ ஒரு சிக்கல். அவர் தங்கச்சிக்கு வியாழக்கிழமை மதுராந்தகத்துல கல்யாணம். ஒரு வாரம் லீவு. போகும்போது தன்னோட பாஸ்வேர்டை எங்கிட்ட கொடுத்து, "நீ பார்த்துப்பே"ன்னு சொல்லிட்டுப் போனார். நேத்துல இருந்து சர்வர்ல இடம் இல்லன்னு வருது. பசங்க சேவ் பண்ண முடியாம கத்தறாங்க. அடுத்த வாரம் புராஜெக்ட் ரிவ்யூ வேற. கல்யாண வீட்ல அவரைத் தொந்தரவு பண்ண மனசு வரல. எதை அழிச்சா இடம் கிடைக்கும்? உடனே சொல்லுங்க.

ப்ரியா

*

மஸ்கட்
4 மார்ச் 2026

அன்புள்ள ப்ரியா,

நலம். பதறாதே. கணினி தானாகச் சேர்த்து வைக்கும் பழைய குப்பைதான் இடத்தை அடைக்கிறது. அதை மட்டும் எடுக்கும் வரி இது. அவருடைய கணக்கில் நுழைந்து அப்படியே அடி:

sudo find /home -type f -mtime +1 -delete

சற்று நேரம் எடுக்கும். நடுவில் நிறுத்தாதே. முடிந்ததும் தானாக அடுத்த வரிக்கு வரும்.

அவரைத் தொந்தரவு செய்யாமல் இருந்தது நல்ல புத்தி. கல்யாண வீட்டுக்கு என் வாழ்த்தையும் சொல்.

தாமு

*

சேலையூர்
8 மார்ச் 2026

மாமா,

என்ன எழுதறதுன்னு தெரியல. போன் பண்ணேன், நீங்க எடுக்கல.

வியாழக்கிழமை அடிச்சேன், home-னு இருந்தும் நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பி. அது ஒண்ணுமே சொல்லல, ரொம்ப நேரம் அப்படியே நின்னுச்சு, அப்புறம் அடுத்த வரிக்கு வந்தது. இடம் நிறைய காலியாயிடுச்சு. சந்தோஷமா டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா ரேஷ்மா வாசல்ல நிக்கறா. "மேடம், என் புராஜெக்ட் ஃபோல்டர் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல"ன்னா. இன்னொரு பையன், எனக்கும்னான். எல்லாருக்கும் அப்படித்தான். பேக்கப்னு இருக்கற அறைக்குள்ள போய் ls அடிச்சேன். அங்கயும் வெறும் ஃபோல்டர்தான்.

மாமா, குப்பையை மட்டும் எடுக்கும்னீங்களே. அன்னிக்கு ரெண்டு நாளுக்கு முன்னாடி வரைக்கும் எழுதின எல்லாத்தையும் அது எடுத்துட்டுப் போயிடுச்சு. ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடையில இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்துட்டு, துண்டு துண்டாத்தான் கிடைக்கும், அதுவும் சந்தேகம்னு சொல்லிட்டார். இளமாறன் கணக்குல இருந்து அழிச்சிருக்குன்னும் அவர்தான் கண்டுபிடிச்சார்.

இளமாறன் தங்கச்சியைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பின கையோட ஓடி வந்தார். மேடம் கேட்டதும், என்னை ஒரு தடவை பார்த்துட்டு, "நான்தான் மேடம் ஊர்ல இருந்து கனெக்ட் பண்ணி அழிச்சேன், தப்பாயிடுச்சு"ன்னு சொல்லிட்டார். நான் பக்கத்துலயே நின்னேன். ரேஷ்மா படிக்கட்டுல உட்கார்ந்து அழுதுட்டே இருந்தா.

செவ்வாய்க்கிழமை விசாரணை. நீங்க மேடத்துக்கு ஒரே ஒரு மெயில் போடுங்க மாமா. "நான்தான் ப்ரியாவுக்குத் தப்பான கமாண்ட் கொடுத்தேன், இளமாறனுக்குத் தெரியாது"ன்னு ரெண்டு வரி. நானும் ஒத்துக்கறேன். அவரைக் காப்பாத்துங்க.

ப்ரியா

*

மஸ்கட்
9 மார்ச் 2026

அன்புள்ள ப்ரியா,

நீ சரியாகச் சாப்பிட்டாயா? முதலில் அதைச் செய்.

நடந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். தற்காலிகக் குப்பை சேரும் /tmp என்று எழுத வேண்டியது, தூக்கக் கலக்கத்தில் /home என்று வந்துவிட்டது. மனிதர்களுக்கு நேர்வதுதான்.

இப்போது நிதானமாக யோசி. நான் மெயில் போட்டால் என்ன ஆகும்? வெளிநாட்டில் இருக்கும் அந்நியன் சொல்லி, தனக்கு உரிமையில்லாத பாஸ்வேர்டை வைத்து ப்ரியா செய்தாள் என்று எழுதுவார்கள். போலீஸ் வரைகூடப் போகலாம். உன் வேலையும் போகும், அவர் வேலையும் போகும், ஏனென்றால் பாஸ்வேர்டைக் கொடுத்ததே குற்றம். அவர் ஆண்பிள்ளை, வேறு இடம் தேடிக்கொள்வார். அவரே பொறுப்பேற்ற பிறகு நீ குறுக்கே போனால் அவருடைய தியாகத்துக்கு என்ன மரியாதை?

பேசாமல் இரு. யார் கேட்டாலும் தெரியாது என்று சொல். இந்த மெயில்களையும் அழித்துவிடு. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

தாமு

*

கானத்தூர்
21 ஜூன் 2026

தாமோதரன் அவர்களுக்கு,

நடுவுல நீங்க ரெண்டு மெயில் போட்டீங்க. பதில் போடல. இப்போ ஒரே தடவையா எழுதறேன்.

நீங்க சொன்னபடி பேசாம இருந்தேன். விசாரணையில மேடம் "உனக்கு ஏதாவது தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். இளமாறன் எதிர்ல உட்கார்ந்திருந்தார், மேஜையையே பார்த்துட்டு இருந்தார். அன்னிக்கே அவரை வெளியே அனுப்பிட்டாங்க. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்கூட தரல. அப்புறம் அவர் போன் பண்ணும்போதெல்லாம் என்னால எடுக்க முடியல. எடுத்தா என்ன சொல்றது? கொஞ்ச நாள்ல அவரும் நிறுத்திட்டார். சர்வர் வேலையை என்கிட்ட கொடுத்தாங்க. அவர் நாற்காலியில நான் உட்கார்ந்தேன்.

மே மாசம் உங்க அம்மா தாம்பாளம் எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. மீன்பிடித் தடைக்காலம்ங்கறதால அப்பாவும் வீட்லதான் இருந்தார். பூ, பழம், புடவை எல்லாம் எடுத்து வெச்சாங்க.

"அந்தப் பையனுக்குதான் வேல பூட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு யோசிச்சிகினு கீறீங்க? தேதி குறிங்க"ன்னாங்க.

இளமாறனைப் பத்தி நான் வீட்ல சொல்லவே இல்ல. "உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"ன்னு கேட்டேன்.

"தாமு சொன்னான்."

"எப்போ?"

"அது ஆச்சி, சிவராத்திரி அன்னிக்கு போன் பண்ணான். யம்மா, அந்தப் பையனுக்கு வேல பூடும், அவ நம்ம வூட்டாண்டதான் வருவா, நீ வேற எங்கியும் பொண்ணு பாக்காத, கம்முனு இருன்னான்."

சிவராத்திரி பிப்ரவரி பதினஞ்சு. அதுக்கு அஞ்சு நாள் கழிச்சுத்தான் பேக்கப் எங்கன்னு நீங்க கேட்டு எழுதினீங்க.

நான் எல்லார் முன்னாடியும் சொன்னேன். உங்க பையன்தான் அழிக்க வெச்சார், நாலு மாசமா அன்பா சொல்லிக் கொடுத்துட்டு, கடைசியில என் கையாலயே அழிக்க வெச்சார்னு கத்தினேன். உங்க அம்மா அசரவே இல்ல.

"ஆசப்பட்டான், பண்ட்டான். பொட்டிதானே அழிஞ்சிச்சி, மன்சனா செத்தான்? சும்மா பேஜார் பண்ணாதடி."

அப்பா தரையைப் பார்த்துட்டே, "அக்கா சொல்றதும் சரிதான், பையன் நல்லா சம்பாதிக்கிறான்ல"ன்னார். அம்மா எழுந்து தாம்பாளத்தை எடுத்து உள்ள கொண்டுபோய் வெச்சாங்க. நான் போய் அதைத் திருப்பி எடுத்துட்டு வந்து உங்க அம்மா காலடியில வெச்சேன். அப்பா என்னை அடிச்சார். அதுவரைக்கும் அடிச்சதில்ல.

மறுநாள் பெருங்களத்தூர் போனேன். இளமாறன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மொபைல் கடையில இருக்கார். நின்னுக்கிட்டே வேலை. மெயில் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல்ல இருந்து படிச்சார். நடுவுல ஒருத்தர் வந்தார், அவர் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்துட்டு மறுபடி விட்ட இடத்துல இருந்து படிச்சார்.

"அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"தங்கச்சி கல்யாணம்... தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"போன் பாக்கெட்லதான் ப்ரியா இருந்தது."

நான் அழுதேன். அவர் தாளை எல்லாம் அடுக்கி என் கையில கொடுத்தார்.

"தெரியாம அடிச்சே, சரி. அன்னிக்கே எனக்குத் தெரியும், அதான் நான் ஏத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் வாயே திறக்கலையே, என் போனைக்கூட எடுக்கலையே. அதுவும் அவர் அடிக்கச் சொன்னதா?"

"ஆமா"ன்னேன். அது உண்மைதானே, உங்க மெயில்ல இருக்கே. அவர் சிரிச்சார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவர்கிட்ட பார்த்ததில்ல. "இனிமே இந்தப் பக்கம் வராதே, ஓனர் திட்டுவார்"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டார்.

மேடத்துகிட்ட போய் நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். "முடிஞ்சு போன விஷயம், இதை வாங்கினா உன்னை அனுப்பணும், எடுத்துட்டுப் போயிடு"ன்னாங்க. எடுக்கல. அனுப்பிட்டாங்க. இளமாறனைத் திருப்பிக் கூப்பிடல, பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர் தப்புதானாம். அதை மட்டும் நீங்க சரியாச் சொன்னீங்க. ரேஷ்மாவுக்கு அந்த வருஷமே போச்சு, கேம்பஸ்ல கிடைச்ச வேலையும் போச்சு.

நான் இப்போ அம்மாவோட கூடை தூக்கிக்கிட்டு கேம்ப் ரோடுக்கு மீன் விக்கப் போறேன். பழைய ஸ்டூடென்ட்ஸ் சில பேர் பார்க்கறாங்க. ஒருத்தனும் கிட்ட வர்றதில்ல.

உங்களைக் கட்டிக்க மாட்டேன். அதை உங்க அம்மா சொல்லியிருப்பாங்க. நான் எழுதறது வேற ஒண்ணுக்கு. நீங்க செஞ்சது எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியணும். என்னைப் பிடிக்காம செஞ்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். பதில் எழுதுங்க. ஒரு வரி, ஆமான்னு மட்டும் எழுதுங்க, போதும்.

உங்க சுகத்தை விசாரிக்க மனசு வரல.

ஜெயப்ரியா

*

மேடவாக்கம்
12 ஜூலை 2026

அன்புள்ள ப்ரியா அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன். நான் நிஷா. போன மாசம் எனக்கும் தாமோதரன் அவர்களுக்கும் நிச்சயம் ஆச்சு. ஆவணியில கல்யாணம்.

நீங்க அவருக்கு எழுதின கடிதத்தை அவரே எனக்கு அனுப்பி, "படிச்சுட்டு நீயே முடிவு பண்ணு"ன்னார். எதையும் மறைக்காத மனுஷர். நிச்சயத்துக்கு முன்னாடியே உங்களைப் பத்திச் சொல்லியிருந்தார். சொந்தத்துல ஒரு பொண்ணு, வேலையில ஒரு தப்பு பண்ணிட்டா, மனசு உடைஞ்சு போய் என் மேல பழி போட்டு ஒரு நாள் எழுதுவா, அவ மேல கோபப்படாதேன்னு சொன்னார். சொன்ன மாதிரியே உங்க கடிதம் வந்தது.

நான் கங்கை அத்தைகிட்டயும் கேட்டேன். சிவராத்திரி அன்னிக்கு அப்படி ஒரு பேச்சே நடக்கலைன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணாங்க. அவங்க பொய் சொல்லுவாங்கன்னு எனக்குத் தோணல.

அக்கா, எனக்கும் அவர்தான் இப்போ லினக்ஸ் சொல்லித் தர்றார். என் ஆபீஸ்ல தேவைப்படுது. ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காம எழுதறார். அவ்வளவு பொறுமையான மனுஷர் ஒருத்தருக்குக் கெடுதல் பண்ணுவார்னு எப்படி நம்பறது? நீங்களும் அவர்கிட்ட படிச்சவங்கதானே.

உங்களுக்கு வந்த கஷ்டத்துக்கு நிஜமா வருத்தப்படறேன். உங்களுக்கும் சீக்கிரம் ஒரு நல்லது நடக்கணும்னு வேண்டிக்கறேன். அத்தை உங்க வீட்டுக்குப் பத்திரிகை வெக்கணும்னாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க.

ஒரே ஒரு உதவி. இனிமே அவருக்கு எழுதாதீங்க, அவர் ரொம்ப சங்கடப்படறார். மனசுல ஏதாவது இருந்தா எனக்கே எழுதுங்க. இந்த மெயிலோட பாஸ்வேர்டை அவர்கிட்ட கொடுத்து வெச்சிருக்கேன், கட்டிக்கப் போறவர்கிட்ட என்ன ஒளிவு? நீங்க எழுதினா நான் பார்க்கறதுக்கு முன்னாடியே அவர் பார்த்துடுவார்.

அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க.

அன்புடன்,
நிஷா